பதினாலாம் இலக்கக் கதவுக்கு ஒரு ரிவோல்வர்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த ஒரு பனிக்காலத்தில், மொன்றியல் நகரத்துக் கள்வர் எல்லோருக்கும் சென்ட் லோரன்டில் இருந்த என் வாடகை வீட்டுக் கதவில்தான் கண் என்று நான் நம்பினேன். அவர்களில் ஒருவன் ஆறடி உயரம் என்றும் நம்பினேன். ஆளைக் கண்டதில்லை, ஆனாலும் உயரம் தெரியும். அவனை நிறுத்தச் சின்னத் துவக்குப் போதாது, நாற்பத்துநாலு அளவுக் குண்டு போகிற பெரிய ரிவோல்வர்தான் வேண்டும் என்றும், அது ஒன்று கையில் இருந்தால் இந்த நாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றும் நம்பினேன்.

இத்தனைக்கும் பிறந்த ஊரில் சந்திக்குச் சந்தி துவக்கு நின்ற காலத்தில் நான் ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. எவர் துவக்கோடு வந்தாலும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கேட்காத கேள்விக்கும் சேர்த்து "ஓம் ஐயா" என்று பதில் சொன்னவன். துவக்கே கண்ணில் படாத ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு வீரம் பிறந்தது.

அந்த ரிவோல்வரைத் தெரிவு செய்ய நான் தேடிப்போன மனிதரைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். எழுதினால், எங்கிருந்தாவது வந்து எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் போவார்.

எங்கள் பகுதித் தமிழருக்கு அவரைக் கடைக்கார அண்ணை என்றால் போதும். மன்னார்ப் பக்கத்து ஆள். ஐந்தடி இரண்டங்குலம் இருப்பார். சப்பாத்தைக் கழற்றினால் இன்னும் குறையும். கழுத்துப்பட்டி கட்டாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. சென்ட் லோரன்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலைக்கு நின்றார். கடையின் முன்பக்கம் ஸ்கேட்டிங் சப்பாத்தும் ஹொக்கித் தடியும். நடுவில் தூண்டில். கடைசியில், பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள், வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் கழகங்களில் குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கும் விற்கிற துவக்குகள். மூன்று பகுதிக்கும் அவர் ஒருவர்தான். முதலாளி ஒரு வயதான வெள்ளைக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கடையை மேற்பார்வை செய்வார். வியாழக்கிழமை காலையில் மட்டும் அண்ணையைக் கடையில் பிடிக்க முடியாது. மத்தியானம்தான் வருவார். கேட்டால், "வேறை அலுவல்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

எந்த வேலையையும் அவர் ஒரு தரம் செய்து நான் கண்டதில்லை. செய்வார், செய்ததைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், மறுபடியும் ஆட்டிப் பார்ப்பார், பிறகுதான் கையை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீருக்குக் கதிரை போடுகிறது அவருடைய பொறுப்பு. மடக்குக் கதிரையை விரிப்பார், உள்ளங்கையால் ஒருமுறை அமத்துவார், தூக்கி வைத்து இன்னொருமுறை அமத்துவார். இருநூறு கதிரை என்றால் நானூறு அமத்தல். தேநீர் ஆறிவிடும். நான் சைவக்காரன். என்றாலும் கோயிலுக்கும் போவேன், பூசைக்கும் போவேன். அன்றைக்கு எங்கே நல்ல பலகாரமோ அங்கே எனக்குப் பக்தி அதிகம். அப்படித்தான் அவருடைய கதிரைகளோடு பழக்கமானேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மண்டபத்தில் கதிரை உடைந்து விழுந்த தமிழன் ஒருவனும் இல்லை. எங்கள் ஆட்களின் நிறையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தொலைபேசியில் கதைத்து முடித்து ரிசீவரை வைப்பார். சரியாக வைத்தேனா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைப்பார். தேநீர்ப் போத்தலின் மூடியை இறுக்கிவிட்டுத் தலைகீழாகப் பிடிப்பார். ஒன்றும் சிந்தாவிட்டால் இன்னொருமுறை பிடிப்பார். பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சப்பாத்து கட்டினால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி இழுப்பார். எங்கள் மகள் பிரெஞ்சில் கத்துவாள். இவர் தமிழில், "பொறம்மா, காலிருந்தால்தானே கத்தலாம்" என்பார்.

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, ஒருநாள் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் தாலி கட்டின உடனை பிடிச்சு இழுத்துப் பாத்தவர். சுவாமியார் திகைச்சுப் போனார்."

"எத்தினை தரம் அக்கா?"

"இதென்ன கேள்வி? ரெண்டு தரம்தான்."

அவர் சிரிக்கவில்லை. "முப்பது வரியமா அறேல்லைத்தானே," என்றார்.

அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு ஒன்று உண்டு. பூட்டிவிட்டு வந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. "பூட்டினனான் எண்டு சொல்லாதேயும். இழுத்துப் பாத்தனான் எண்டு சொல்லும்." ஏன் அண்ணை இந்த இழுத்துப் பாக்கிற வருத்தம் என்று நான் ஒருமுறை பகிடியாகக் கேட்டேன். ஒரு பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றோடு குனிந்திருந்தவர், நிமிராமல், "ஊரிலை ஒரு நாள் ஒருக்கா மட்டும் பாத்திட்டு வெளிக்கிட்டனான்," என்றார். பிறகு அந்தப் பிள்ளையிடம், "மற்றக் காலைத் தாங்கோ," என்றார். நான் எல்லாவற்றுக்கும் வாய் காட்டுகிறவன். அன்றைக்கு மற்றச் சப்பாத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இனி என் கள்வனுக்கு வருகிறேன்.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில், பதினாலாம் இலக்கம். நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் கதவுகள், கால்துடைப்பான்கள், பனிச்சேறு படிந்த சப்பாத்துகள், காசு கட்டி எடுக்கிறவர்களின் கதவுப் பிடிகளில் தொங்குகிற பத்திரிகைப் பைகள். முன்வீட்டில் ஒரு போர்த்துக்கல் நாட்டு மூதாட்டி தனியே இருந்தார். நாங்கள் மடாம் என்போம், அவர் என்னை மெசியூ, ஐயா, என்பார். நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்குகிறவன். வேலை பின்னேரம் மூன்று மணிக்குத்தான் தொடங்கும். மனைவி விடியவே ஒரு கார்டெறியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையலுக்குப் போய்விடுவாள். மகள் பள்ளிக்கூடம். பகல் முழுவதும் வீட்டில் நானும் என் கற்பனையும் மட்டும்.

ஒருநாள் பதினொரு மணியிருக்கும். சாரத்தோடு நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவுப் பிடி திரும்பியது. டக். சற்றுப் பொறுத்து மறுபடியும், டக். பிறகு காலடி நகர்ந்து போனது. கதவில் ஆளைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருந்தது. ஆனால் முந்தி வர்ணம் பூச வந்த ஆள் அதன்மேலும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருந்தான். திறந்து பார்த்திருக்கலாம். திறக்கிறவனாக இருந்தால் இந்தக் கதை எதற்கு? தேங்காய் திருவுகிற திருவலையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் குந்தினேன். முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தால்தான்.

"காத்தாயிருக்கும்," என்றாள் மனைவி.

"காத்துக்குக் கையிருக்கோ? பிடியைத் திருப்பினதடி!"

"அப்ப திறந்து ஆரெண்டு கேக்கிறதுதானே?"

கேட்டிருப்பேன் என்று சொன்னேன். வெங்காயம் கருகிவிடும் என்று அடுப்படியை விட்டு வரவில்லை என்றும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். உரித்த வெங்காயம் பலகையிலேயே பச்சையாகக் கிடந்தது.

அடுத்த கிழமையும் டக், டக். அதற்கடுத்த கிழமையும். கிழமை தவறாமல், அதே நாள், அதே நேரம். கனடாவில் பஸ்தான் நேரத்துக்கு வரும் என்று நினைத்திருந்தேன். கள்வனும் நேரசூசி வைத்திருந்தான். தமிழர் வீடுகளில் நகை இருக்கும் என்று தெரிந்து இப்படிக் கதவைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தொழிற்சாலையில் ஒருவன் சொன்னான். மனைவியின் தாலிக்கொடியை அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன், அன்றைக்கே அவள் அந்த அரிசியில் உலை வைத்தாள். தாலிக்கொடி தப்பியது, நான் தப்பவில்லை. "இஞ்சையப்பா, உங்களுக்கென்ன விசரே?" என்று தொடங்கியது இரண்டு நாள் போனது.

அதற்குப் பிறகுதான் நூலகத்துக் கணினியில் போய் இருந்தேன். மூன்று நாளில் ரிவோல்வர் பற்றி ஒரு மனிதனுக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் படித்தேன். ஆறு குண்டு, சிக்காது, விசையை இழுத்தால் போதும். அளவுகளில் முப்பத்தெட்டு வெறும் பிரம்படி என்று முடிவு கட்டினேன். நாற்பத்துநாலு என்ற எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எழுதின எழுத்திலேயே ஒரு கம்பீரம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகும் முன்னர், கடைக்குப் போனேன். அண்ணை தூண்டில் முட்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, எனக்கொரு ரிவோல்வர் வேணும்."

அவர் பெட்டியை மூடினார். திறந்தார். மூடினார்.

"என்னத்துக்குத் தம்பி?"

"பாதுகாப்புக்கு."

"ஆரைச் சுடப்போறீர்?"

"ஆளைத் தெரியாது."

"தெரியாத ஆளைச் சுடுறது கரைச்சல். வாரும் பின்னுக்கு."

அலுமாரிக்கு முன்னால் இரண்டு முக்காலி இருந்தன. எனக்கொன்றை அமத்திப் பார்த்துவிட்டுத் தந்தார். குறிப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு வைத்தியரைப் போல் என் எதிரே அமர்ந்தார்.

"என்ன அளவு?"

"நாற்பத்துநாலு."

"ஏன் அவ்வளவு பெரிசு?"

"எனக்குக் குறி சரியில்லை அண்ணை. பெரிசெண்டால் கிட்டமுட்டப் பட்டாலும் காணும்."

கொப்பியில் எழுதினார். "குறி சரியில்லை" என்று எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன்.

"வீடு எங்கை?"

சொன்னேன். தெரு, கட்டடம், மூன்றாம் மாடி, பதினாலாம் இலக்கம். பேனா நின்றது.

"என்ன செய்யிறவன்?"

"பிடியைத் திருப்பிறான் அண்ணை. ரெண்டு தரம். பேந்து போறான்."

"எந்த நாள்?"

"வியாழக்கிழமை. பதினொரு மணி. மணிக்கூடு பாத்து வாறான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"நீர் ஆளைக் கண்டனீரோ?"

"காணேல்லை. ஆனால் ஆள் பெரிய ஆள். ஆறடி இருக்கும். பிடி திரும்பிற திரும்பலிலை தெரியும், நல்ல பெரிய கை."

அண்ணை தன் வலது கையை விரித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கொப்பியில் "ஆறடி" என்று எழுதி, கீழே கோடு போட்டார். முக்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தது போலவும் எனக்குப் பட்டது.

"அவன் உமக்கு ஏதும் செய்தவனோ?"

"இன்னும் இல்லை. திட்டம் போடுறான். நாலு கிழமையாத் திட்டம் போடுறான் அண்ணை, லேசான ஆளில்லை."

"ஓம்," என்றார். "உழைப்பாளிதான்."

பிறகு அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார். கறுப்பாக, என் முழங்கை நீளத்துக்கு இருந்தது. குண்டு போடுகிற உருளையை வெளியே தள்ளி, ஆறு துளையையும் பார்த்தார். ஒவ்வொரு துளைக்குள்ளும் சின்ன விரலை விட்டுப் பார்த்தார். மூடினார். திறந்து, மறுபடியும் ஆறு துளை, ஆறு விரல்விடல். அதன் பிறகுதான் என் கையில் வைத்தார். தன் கையையும் எடுக்கவில்லை. அம்மிக் குழவிக்குத் தம்பி மாதிரி அப்படியொரு பாரம். அவர் கையைத் தளர்த்தியதும் என் மணிக்கட்டு தானாக வளைந்தது. துவக்கின் வாய் தூண்டில்களைப் பார்த்தது, பிறகு ஹொக்கித் தடிகளைப் பார்த்தது, பிறகு நித்திரை கொண்டிருந்த முதலாளியைப் பார்த்தது. அண்ணை ஒற்றை விரலால் அதைக் கீழே அமத்தினார்.

"அந்தாள் பாவம் தம்பி. பென்சனுக்கு ரெண்டு வரியம்தான் கிடக்கு."

பக்கத்துச் சுவரை விரல்மொழியால் தட்டினார். பொள்ளென்றது.

"இது என்ன?"

"சுவர்."

"சுவரில்லை, சுண்ணாம்பு வைச்ச மட்டை. உம்மடை வீடும் இதுதான், கதவும் உள்ளுக்கு வெறுமை. நீர் இதாலை சுட்டால் அவனிலை படுதோ இல்லையோ, கதவாலை போய், கொரிடோராலை போய், முன்வீட்டுக் கதவாலையும் போகும். முன்வீட்டிலை மனுசி கதவுக்குக் கிட்டக் கதிரை போட்டெல்லே இருக்கிறவ."

"மடாமையோ சொல்றியள்? உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

அவர் உருளையை இன்னொருமுறை திறந்து பார்த்தார். "வயசு போனவை கதவுக்குக் கிட்டத்தான் இருப்பினம். ஆரும் வருவினம் எண்டு."

அது எனக்குச் சரியாகப்பட்டது. எல்லாமே எனக்குச் சரியாகப்பட்ட காலம்.

"சரி, வாங்கிறீர் எண்டு வைப்பம்," என்று தொடங்கினார். கள்வனுக்குப் பயம் என்று எழுதினால் அனுமதி தரமாட்டார்கள். படிக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும், சுடுகிற கழகத்தில் சேர வேண்டும், கழகத்தில் வைத்துக் கடதாசியைச் சுடலாம்.

"அப்ப கள்ளன்?"

"கள்ளனும் கழகத்திலை சேந்தால் சுடலாமோ எண்டு கேக்கிறீரோ? அதுவும் ஏலாது."

வீட்டில் வைப்பதென்றால் குண்டில்லாமல் வைக்க வேண்டும். விசைக்கு ஒரு பூட்டு. பெட்டிக்கு ஒரு பூட்டு. குண்டு வேறு இடத்தில், அதற்கும் ஒரு பூட்டு. சொல்லிவிட்டு, அத்தனையையும் அப்படியே செய்து, பெட்டியை என் முன்னால் வைத்து, மூன்று பூட்டையும் இரண்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மூன்று திறப்புகளை என் கையில் தந்தார். பத்தடி தள்ளிப் போய் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான்தான் கள்ளன். கதவடிக்கு வந்திட்டன். தொடங்கும்."

நான் தொடங்கினேன். முதல் திறப்பு எந்தப் பூட்டுக்கும் போகவில்லை.

"உள்ளுக்கு வந்திட்டன்," என்றார். இரண்டடி நடந்தார். "ரீவியைப் பாக்கிறன். பழசு. வேண்டாம்."

எனக்கு வியர்த்தது. பெட்டி திறந்தது. விசைப்பூட்டு திறக்கவில்லை.

"அரிசி மூட்டைக்குள்ளை கையை விடுறன்."

"அது எப்பிடி உங்களுக்கு..."

"உம்மடை மனுசி போன ஞாயிறு மண்டபத்திலை எல்லாருக்கும் சொன்னவ. நகையை எடுத்திட்டன் தம்பி. படியாலை இறங்கிறன். மெற்றோவுக்குப் போறன். உமக்கு இன்னும் ஒரு பூட்டு இருக்கு."

மெற்றோவில் ஏறி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் என் பூட்டுத் திறந்தது. அவர் வந்து, துவக்கை வாங்கி, மறுபடி துளைகளைப் பார்த்தார்.

போகும்போது ஒரு விண்ணப்பத்தாளை நீட்டினார். "இதுக்குக் கீழை மனைவி கையெழுத்து வைக்க ஒரு இடம் கிடக்கு. முதல் அதை நிரப்பிக்கொண்டு வாரும்."

"மனைவியோ? துவக்கு எனக்கெல்லே?"

"அரசாங்கத்துக்காரருக்கு விசரில்லை தம்பி. ஆரைக் கேக்கவேணும் எண்டு தெரிஞ்சுதான் கேக்கினம்."

மனைவி அந்தத் தாளை அடுப்படி வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் வாசித்தாள். "குக்கர் விசிலடிச்சாலே திடுக்கிடுற ஆள். உங்களுக்குத் துவக்கோ?" என்றாள். தாளை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தாள். அந்த வீட்டை விட்டுப் போகும்வரை மேசை ஆடவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. பதினொரு மணிக்குத் திருவலையோடு காத்திருந்தேன். பதினொன்றேகால். பதினொன்றரை. பிடி திரும்பவில்லை. நடைபாதையில் ஏதோ மெல்லிய பேச்சுக் கேட்டது, கதவொன்று சாத்துப்பட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணை எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கதவுச் சங்கிலியும் சின்னத் திருப்புளியும். "கடையிலை சும்மா கிடந்தது," என்றார். துவாரத்தின் மேலிருந்த வர்ணத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். சங்கிலியைப் பூட்டி, திருகாணிகளை இறுக்கி, இழுத்தார், இழுத்தார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டு, "உள்ளுக்குப் பூட்டும் தம்பி, பாப்பம்" என்றார். பூட்டினேன்.

டக்.

டக்.

என் கை தானாகத் திருவலையைத் தேடியது. "அண்ணை! இதேதான்! இதே சத்தம்தான்!"

துவாரத்தில் கண்ணை வைத்தேன். பெரிய மூக்கும் சின்னக் கழுத்துப்பட்டியுமாக அவர் வளைந்து தெரிந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாப் பிடியும் அப்பிடித்தான் தம்பி சத்தம் போடும்," என்றார்.

அதுவும் எனக்குச் சரியாகப்பட்டது.

அதற்குப் பிறகு எந்த வியாழனும் பிடி திரும்பவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் ரிவோல்வர் பார்க்கப் போன செய்தி கள்வர் உலகத்துக்கு எட்டிவிட்டது. நாற்பத்துநாலு என்ற எண்ணைக் கேட்டே ஓடிவிட்டான். மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று இதை நான் பத்துப் பேருக்கு விளக்கினேன். துவக்கை வாங்கத் தேவையில்லை, பார்க்கப் போனாலே போதும் என்பது என் கண்டுபிடிப்பு. அண்ணை பக்கத்தில் கதிரை மடக்கிக்கொண்டிருந்தார். சாட்சிக்கு அவரையே கூப்பிட்டேன்.

"என்னண்ணை, ஆள் ஓடிட்டான் என்ன?"

"ஓம் தம்பி. பேந்து வரான்."

"நல்லாப் பயந்திருப்பான் என்ன?"

"பயப்பிடாமல்?" என்றார் அவர். கதிரையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "நானெண்டாலும் பயப்பிடுவன்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவன் நான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் ரொறன்ரோவில் இருந்த மூத்த மகளோடு போய் இருந்துவிட்டார். மண்டபத்தில் கதிரைகளை இப்போது யாரோ விரிக்கிறார்கள். இருக்கும் முன்னர் நாங்கள்தான் அமத்திப் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த வருடம் நாங்களும் ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் ஒரு வீடு பார்த்தோம். ஜூலை முதலாம் தேதி, மொன்றியலில் பாதி நகரமே வீடு மாறுகிற நாள். சாமான் எல்லாம் லொறியில் ஏறிவிட்டது. வெறும் வீட்டின் கதவில் கடைசியாகச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். முன்வீட்டு மடாம் ஒரு தட்டில் முட்டைப் பலகாரத்தோடு வந்தார்.

நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். விளம்பரப் பைகளுக்கு என்றார். எந்தப் பை? அதுதான் மெசியூ, உங்களுடையது, கடைகளின் மலிவு விலைத் தாள்கள், எல்லா வீட்டுக்கும் சும்மா தருகிறது. நீங்கள் எடுக்கிறதில்லை என்பதால் அதையும் நானே எடுத்துக்கொண்டேன், கோழி மலிவு, எண்ணெய் மலிவு எல்லாம் வெட்டி வைப்பேன். இப்போது வருகிற பொடியன் பைகளைப் படியில் எறிந்துவிட்டு ஓடுகிறான். முந்தி வந்த மெசியூ அப்படியில்லை. சின்ன மனிதர், உங்கள் ஊர்க்காரர், கொட்டுகிற பனியிலும் கழுத்துப்பட்டியோடுதான் பை போட வருவார். பிடியில் மாட்டிவிட்டு, விழாதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என்ன கவனம்! பிறகு ஒரு பனிக்காலத்தில் என் கதவைத் தட்டி, மடாம், பதினாலாம் இலக்கத்துப் பையை இனி உங்கள் கையிலேயே தருகிறேன், அந்தக் கதவைத் தொட வேண்டாம், உள்ளே இருக்கிற மெசியூ கொஞ்சம் பயந்தவர் என்றார்.

மூன்று வருடம் பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தேன். ஒரு சொல்லும் தவறாமல் நான் விளங்கிக்கொண்ட முதல் பிரெஞ்சு அதுதான்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமைகளில், கடைக்குப் போகும் முன்னர், அவர் எங்கள் தெருவில், காசு கட்டி எடுக்கிறவர்களுக்கென்று நான் நினைத்திருந்த அந்த விளம்பரப் பைகளைப் போட்டார். பதினொரு மணிக்கு மூன்றாம் மாடிக்கு வருவார். எங்கள் கதவில் இருந்தது உருண்டைப் பிடி. பிளாஸ்டிக் பை வழுக்கும். மாட்டிவிட்டு இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார். அவர் படி இறங்கும் முன்னரே மடாம் வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தப் பிடியை வேறு எவரும் ஒருநாளும் திருப்பவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போய், அவரைச் சுடுவதற்கு எது நல்லது என்று அவரிடமே கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து, குண்டில்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, என் கையில் தந்தார்.